புதுப்பிப்பு: முறுக்கு அதிர்வுக் கணக்கும் அளவீடும் ஏன் ஒத்துப்போகவில்லை

கப்பலின் புரொப்பெல்லரோடு நேரடியாக இணைந்த ஆறு சிலிண்டர், இரு வீச்சு டீசல் எஞ்சின். அதன் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிர்வதைத்தான் கணக்கிட்டேன். ஆறாம் வரிசை ஒத்ததிர்வு (ஒரு சுற்றுக்கு ஆறு முறை வரும் உந்துதல் ஷாஃப்டின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் அதிர்வு பெருகுவது) நிமிடத்துக்கு 53 சுற்றில் வரும் என்றது மென்பொருள். ஷாஃப்டில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ் (திரிபை அளக்கும் உணரி) 50 என்றது. ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

புரொப்பெல்லர் தயாரிப்பாளர் தந்த நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) காற்றில் உள்ள மதிப்பு. தாளில் அந்தக் குறிப்பே இல்லை. கடலில் இறக்கைகள் தம்மோடு நீரையும் இழுத்துச் சுற்றுகின்றன. அதற்காக நிலைமத் திருப்புத்திறனை வழக்கமாக 25 விழுக்காடு அளவில் கூட்டுவார்கள். கூட்டியதும் இயல்பு அதிர்வெண் நிமிடத்துக்கு 318 அதிர்வுகளிலிருந்து 300க்கு இறங்கியது. ஆறால் வகுத்தால் 50. அச்சாகப் பொருந்துகிறது!

ஷாஃப்டின் விறைப்பைக் குறைத்துப் பார்க்கச் சிலர் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. விறைப்பு வரைபட அளவுகளிலிருந்து வருவது. விடை பொருந்தும்வரை அதைத் திருகினால் அது கணக்கே அல்ல.

இனி தடைசெய்த வேக வரம்பை (எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டக் கூடாத வேகங்களை) 50ஐச் சுற்றி அமைக்க வேண்டும்; அந்த வரம்பைக் காட்டும் டாக்கோமீட்டரின் சிவப்புப் பட்டையும் கீழே இறங்கும். ஒரு சிலிண்டரில் எரிதல் தவறும் நிலைக்கும் கணக்கை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது முடியாமல் அறிக்கையை வகைப்பாட்டுச் சங்கத்துக்கு (கப்பல்களின் தொழில்நுட்பத் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பு) அனுப்பப் போவதில்லை.