‘மாடிஃபைடு’ கிடார்: தமிழில் என்ன எழுதலாம்?

மடல் 1
அனுப்புநர்: கிடார் பட்டறை, தெற்குவாசல்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய எலெக்ட்ரிக் கிடார் வாங்குபவர்களுக்கான சோதனைத்தாள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஃப்ரெட்டுக்கு மெட்டு, பிரிட்ஜுக்குக் குதிரை, ட்யூனருக்குப் பிரடை. வீணைக்காரர்கள் முன்பே கொடுத்துவைத்த சொற்கள் அப்படியே பொருந்திவிட்டன. பிக்கப்பை பிக்கப் என்றே விட்டுவிட்டேன். ‘ஒலிவாங்கி’ என்று எழுதினால் மைக் என்று நினைப்பார்கள். மைக் காற்றின் அதிர்வை வாங்குகிறது, பிக்கப் இரும்புக் கம்பியின் அசைவைக் காந்தத்தால் உணர்கிறது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இடிக்கிற கட்டம் ஒன்றே ஒன்று: ‘மாடிஃபைடு’. ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்று எழுதினால் கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடையில் யாரும் அப்படிச் சொல்வதுமில்லை. பழைய பைக்கைப் பார்க்கும் மெக்கானிக் “இதுல யாரோ கை வச்சிருக்காங்க” என்கிறார். அதையே பெயர்ச்சொல்லாக்கி, ‘கைவைப்பு’ என்று போடலாமா?

உதாரணத்துக்கு மேசையில் இருக்கும் ஒன்று. ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை, தலையில் அதைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனத்தின் பெயர், கழுத்தை நான்கு திருகுகள் பிடித்திருக்கின்றன. குதிரைப் பக்கம், ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் இருக்கவேண்டிய இடத்தில் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர். பிக்கார்டில் (உடலின் முன்பக்கப் பிளாஸ்டிக் தட்டு) கூடுதலாக ஒரு மினி சுவிட்ச். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மூன்று பாட்களில் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்றின் முதுகில் மட்டும் 1377633 என்ற எண். இதைத் தாளில் எப்படி எழுதுவது?

மடல் 2
அனுப்புநர்: தமிழாசிரியர், மேலூர்

‘கைவைப்பு’ என்பதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. உண்டியலில் கைவைத்தான் என்போம், மேலே கைவைத்தால் தெரியும் சேதி என்போம். நல்ல கைகாரர் நல்ல நோக்கத்தோடு செய்த வேலைக்கும் அதே பெயரா?

ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் நமக்கு ஒரு சொல் வைத்துப் போயிருக்கிறார்கள்: இடைச்செருகல். மூலத்தில் இல்லாதது, பிறகு வந்த கையால் நுழைந்தது. அதில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. எது மூலம், எது செருகல் என்று பிரித்துக் காட்டுவதுதான் பதிப்பாசிரியரின் வேலை, உங்கள் சோதனைத்தாளின் வேலையும் அதுதானே? சுருக்கமாகச் ‘செருகல்’ என்றே போடுங்கள்.

ஓர் ஐயம். அந்த 1377633 எப்படிப் படிக்கப்படுகிறது?

மடல் 3
அனுப்புநர்: கிடார் பட்டறை, தெற்குவாசல்

டீச்சர், முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர். 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆகவே இது 1976ஆம் ஆண்டு 33ஆம் வாரத்தில் செய்த பாட். ஆறு இலக்கம் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான், பத்தாண்டை நாமே ஊகிக்கவேண்டும்.

ஆனால் அது பாட் பிறந்த தேதி, கிடார் பிறந்த தேதி இல்லை. ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அதனால் 1969 கிடாரிலும் 1966 பாட் இருக்கும். பாட் தொழிற்சாலையில் பொருத்தியதாகவே இருந்தால், கிடார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்கமுடியாது. அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

இந்தக் கிடாரில் இன்னொரு சிக்கல். 1971இன் இறுதி முதல் 1981 வரை ஸ்ட்ராட்டின் கழுத்தைப் பிடித்தது மூன்று திருகு. இதில் நான்கு. அப்படியானால் 1976 பாட் வேறு கிடாரிலிருந்து கழற்றி வந்திருக்கவேண்டும், இல்லையென்றால் உடல் வேறு கிடாருடையது. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சையும் அதே கண்ணோடு பாருங்கள். ஃபெண்டர் அதைத் தொழிற்சாலையில் பொருத்தத் தொடங்கியது 1977இல்தான். அதற்கு முந்திய கிடாரில் ஐந்து நிலை இருந்தால், உங்கள் சொல்லில், செருகல். சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

மடல் 4
அனுப்புநர்: தச்சுப்பட்டறை, திருப்பரங்குன்றம்

டீச்சர் சொன்னது ஏட்டுக்குச் சரி, மரத்துக்குச் சரிவராது. செருகல் என்றால் ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஹம்பக்கர் வைக்க என்ன செய்திருப்பார்கள்? சிங்கிள் காயில் மூடியின் அகலம் 18 மி.மீ., ஹம்பக்கர் 38 மி.மீ. குழியை இரண்டு மடங்கு அகலமாக வெட்டியிருப்பார்கள். நாளைக்கு ஹம்பக்கரைக் கழற்றிவிடலாம், போன மரம் வராது. பாட்டை மாற்றியவனையும் மரத்தை வெட்டியவனையும் ஒரே சொல்லில் அடைத்தால், வாங்குகிறவன் ஏமாறுவான்.

எங்கள் ஊர் முருகன் கோயில் குடைவரை. ஆனைமலை நரசிங்கமும் அப்படித்தான். கட்டிய கோயிலில் கல்லை எடுத்து மறுபடி வைக்கலாம், குடைந்த மலையில் முடியாது. ஆகவே இரண்டு சொல் வையுங்கள்: கழற்றினால் போய்விடுவது செருகல், மரம் போனது குடைவு.

மடல் 5
அனுப்புநர்: கிடார் பட்டறை, தெற்குவாசல்

அண்ணே, இது நான் கேட்டதைவிட நல்ல பதில். ‘மாடிஃபைடு’ என்ற சொல் இந்த இரண்டையும் கலந்து வைத்திருப்பதால்தான் விலை பேசும்போது இவ்வளவு தகராறு.

ஒரு எச்சரிக்கை. அகலமான குழி எல்லாமே குடைவு இல்லை. 1980களின் இறுதியில் ஃபெண்டரே சில மாடல்களில் மூன்று பிக்கப்புக்கும் சேர்த்து ஒரே பெரிய குழியாக வெட்டி அனுப்பியது. பிரித்தறிய பிக்கார்டைக் கழற்றிக் குழிக்குள் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டியது என்றால் சுவர் செங்குத்தாக, மூலைகள் ஒரே வளைவில் இருக்கும், உள்ளே பெயிண்டோ அதன் தூசியோ படிந்திருக்கும். பிறகு வெட்டியதில் பூச்சில்லாத பச்சை மரம் தெரியும், உளித்தடம் இருக்கும், விளிம்பில் பெயிண்ட் சில்லுச்சில்லாக உடைந்திருக்கும். வெட்டிய இடத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைப்பதும் உண்டு. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் பழைய பூச்சும் புதுப் பூச்சும் வேறுவேறு நிறத்தில் ஒளிரும். பழைய நைட்ரோ லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். 1960களின் இறுதியில் ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியது, அதில் அந்த ஒளிர்வை எதிர்பார்க்காதீர்கள். விளக்கை நிறத்துக்காகப் பார்ப்பதைவிடத் திட்டுக்காகப் பார்ப்பது நல்லது.

மடல் 6
அனுப்புநர்: வைண்டிங் கடை, சிம்மக்கல்

செருகல், குடைவு இரண்டிலும் அடங்காத ஒன்று என் மேசைக்குத்தான் வருகிறது. பிக்கப்பின் காயில் அறுந்துபோனால் பழைய கம்பியை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். மரத்தை யாரும் தொடவில்லை, ஆனால் பழைய காயில் திரும்பாது. இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

கட்டுவதற்கு முன் மீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் காட்டினால் நலம். 2 அல்லது 3 காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. அறுவது பெரும்பாலும் ஆரம்ப முனையிலோ கடைசி முனையிலோ, ஐலெட் என்ற சிறு உலோக வளையத்தில் பற்றவைத்த இடத்தில்தான். லென்ஸ் வைத்துப் பார்த்து அங்கே ஒட்டினால் காயில் தப்பிக்கும். ஃபெண்டர் வகையில் காந்தத் தண்டுகளின் மேலேயே கம்பி சுற்றியிருக்கும். வியர்வை இறங்கித் தண்டு துருப்பிடித்தால் கம்பியின் மேலிருக்கும் எனாமல் காப்பு போய்விடும். வெயில் காலத்தில் திருவிழா மேடையில் வாசித்த கிடார்களில் அந்தத் துருவை முதலில் தேடுங்கள்.

கட்டியே ஆகவேண்டும் என்றால் கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) விஷயத்தில் கவனம். எல்லா வரைபடத்திலும் ‘42’ என்று இருக்கும். அது அமெரிக்கக் கேஜ், 0.063 மி.மீ. நம் கடைகளில் பிரிட்டிஷ் கேஜ்தான் நடப்பில் இருக்கிறது. ‘42 கொடுங்க’ என்றால் 0.10 மி.மீ. கம்பி கொடுப்பார்கள். அதில் கிட்டத்தட்ட 8,000 சுற்று கம்பி சுற்றும் அந்தச் சின்ன பாபினில் ஏறவே ஏறாது. நம் கணக்கில் கேட்கவேண்டியது 46. சோதனைத்தாளில் கேஜ் என்ற சொல்லையே போடாதீர்கள், ‘கம்பி விட்டம்’ என்று மி.மீ.யில் எழுதுங்கள். இதுவும் கலைச்சொல் கோரிக்கைதான்.

மோட்டார் காயில் சுற்றும்போது கொடுக்கும் இழுவை இதற்கு ஆகாது, தலைமுடியை விட மெல்லிய கம்பி, விரலால் தடவிக்கொடுக்கிற அளவுதான் தாங்கும். சுற்றும் திசையையும் காந்தத்தின் வடக்கு எந்தப் பக்கம் என்பதையும் பிரிப்பதற்கு முன் குறித்துவையுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் மாறினால் பக்கத்துப் பிக்கப்போடு சேரும்போது சத்தம் மெலிந்து மூக்கடைத்த மாதிரி வரும். முடிந்ததும் பாரஃபின் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு கலந்து, 65 டிகிரியில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில் முக்கி, குமிழி நிற்கும்வரை விடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். சூடு கூடினால் பிளாஸ்டிக் பாபின் நெளிந்துவிடும். மெழுகு ஏறாத காயில் மேடையில் வீல் என்று கத்தும்.

மடல் 7
அனுப்புநர்: தமிழாசிரியர், மேலூர்

வைண்டிங் கடைக்காரரின் கேள்வி நியாயமானது. அதே கேள்வி பெயிண்டுக்கும் வரும். பழைய பூச்சை எமரித்தாளால் தேய்த்து எடுத்தால் அங்கே குடைவு எங்கே இருக்கிறது? கோயில் தூண்களில் மணல் வீசிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கதை நமக்குத் தெரியும். யாரும் எதையும் குடையவில்லை, ஆனாலும் போய்விட்டது.

ஆகவே ‘குடைவு’ என்பதை ஒரு வகையாக வைத்து, மேலே ‘இழப்பு’ என்று போடுங்கள். குடைவு, தேய்ப்பு, மறுசுற்று மூன்றும் இழப்பின் கீழ் வரும். அளவுகோல் மரமா கம்பியா என்பது அல்ல. கழற்றிய பழையது இன்னும் எங்காவது இருக்கிறதா, திரும்பப் பொருத்த முடியுமா என்பதுதான். முடியும் என்றால் செருகல். இரண்டுக்கும் பொதுப்பெயராகக் ‘கைவைப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும், என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். குற்றம் சொல்லும் தொனியை இந்த இரண்டு உட்பிரிவுகளும் தணித்துவிடுகின்றன.

‘ரெஸ்டோர்’ செய்வதற்குச் சொல் கேட்பீர்கள் என்று தெரியும். ‘மீட்டல்’ என்றால் கம்பியை மீட்டுவது என்று படிப்பார்கள். ‘கிடார் மீட்பு’ என்றால் அடகுக்கடை ஞாபகம் வரும். ‘புதுப்பித்தல்’ என்றால் பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பது, அதாவது இன்னொரு இழப்பு. ‘நிலைமீட்பு’ என்று வைக்கலாம். எந்த நிலைக்கு என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பும்.

மடல் 8
அனுப்புநர்: தச்சுப்பட்டறை, திருப்பரங்குன்றம்

ஒத்துக்கொள்கிறேன். நிலைமீட்பு என்றால் அந்தக் குழியை அடைக்கவேண்டும் இல்லையா? உடல் ஆல்டர் மரமா ஆஷ் மரமா என்று பார்த்து, அதே மரத்தில் ரேகை அதே திசையில் ஓடும்படி துண்டு வெட்டி, வெள்ளைப் பசை போட்டு கிளாம்பில் 24 மணி நேரம் விட்டால் போதும். தேக்குத் துண்டு வேண்டாம், எண்ணெய்ப் பசையில் ஒட்டு சரியாக நிற்காது. கார் பட்டியும் வேண்டாம், அதில் திருகு ஏற்றினால் பொரிந்துவிடும்.

மடல் 9
அனுப்புநர்: கிடார் பட்டறை, தெற்குவாசல்

அண்ணே, இந்தக் கிடாரில் அடைக்கவேண்டாம். ஸ்ட்ராட்டில் பிக்கப் மரத்தில் உட்காருவதில்லை, பிக்கார்டில் தொங்குகிறது. சரியான பிக்கார்டைப் போட்டால் குழி தானே மறைந்துவிடும். அடைத்தால் அதுவும் ஒரு கைவைப்பு, அடுத்து வாங்குபவர் அந்தத் துண்டையும் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கும். உங்கள் வேலை வேறோர் இடத்தில் இருக்கிறது: பிக்கார்டுத் திருகுத் துளைகளில் இரண்டு லூசாகிவிட்டன. அவற்றில் பசை தோய்த்த மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்ததும் 2 மி.மீ. பிட்டால் துளை போட்டுக் கொடுத்தால் போதும்.

இதோ இந்தக் கிடாருக்கு நிரப்பிய தாள்:

செருகல்: ஹம்பக்கர், 500 கிலோ ஓம் வால்யூம் பாட், மினி சுவிட்ச், துளையிட்ட பிக்கார்டு, 1976 பாட் (வேறு கிடாருடையது என்று ஊகம்).

இழப்பு: குதிரைப் பக்கக் குழி 40 மி.மீ. அகலத்துக்குக் குடைவு, உள்ளே பச்சை மரம், பெயிண்ட் இல்லை. நடுப் பிக்கப் மறுசுற்று, கம்பி விட்டம் 0.063 மி.மீ.

நிலைமீட்பு: பிக்கார்டும் சிங்கிள் காயிலும் வாங்கிப் பொருத்துதல். வால்யூம் பாட்டை 250 கிலோ ஓமாக மாற்றுதல். 500ஐ அப்படியே விட்டால் சிங்கிள் காயில் கிறீச்சென்று ஒலிக்கும். பாட்டை அளக்கும்போது ஒரு காலின் பற்றவைப்பை எடுத்துவிட்டுத்தான் அளக்கவேண்டும், இல்லாவிட்டால் பிக்கப்பின் மின்தடையும் சேர்ந்து குறைவாகக் காட்டும். 250 என்று அச்சிட்டதில் 200 முதல் 300 வரை வந்தால் சரி. டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் உள்ளே இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

மினி சுவிட்சுக்காகப் போட்ட 6 மி.மீ. துளையை டீச்சர் இழப்பில் சேர்ப்பாரா என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் தட்டுதானே என்று செருகலில் போட்டிருக்கிறேன். அந்தத் தட்டு தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருந்தால் மாற்றி எழுதவேண்டும்.

மடல் 10
அனுப்புநர்: தமிழாசிரியர், மேலூர்

தொழிற்சாலைத் தட்டு என்றால் இழப்புதான். துளை விழுந்த பழைய தட்டை எறியாமல், கழற்றிய ஹம்பக்கரோடு ஒரே பையில் போட்டு, எதிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி கிடார் பெட்டிக்குள் வையுங்கள். தாளில் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்: ‘கழற்றியவை’.