விளையாட்டு மத்தியஸ்தக் கொடுப்பனவில் நூற்றுக்கு 5 வரி பிடித்துவிட்டார்கள், அனுமதிப்பத்திரமும் வேண்டுமாம்: உதவி தேவை

மேல்கொத்மலை (திங்கள், இரவு 9.10)
அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். சென்ற மாதம் முடிந்த சுற்றுப்போட்டியில் நான் மத்தியஸ்தம் செய்ததற்கான பணத்தை நேற்றுத்தான் கொடுத்தார்கள். அதில் நூற்றுக்கு 5 வரி என்று கழித்துக்கொண்டு மிகுதியைத் தந்தார்கள். அடுத்த தடவை வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வந்தால் மைதானத்தில் இறக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். இது பகுதிநேர வேலைதான். இதற்கும் வரி உண்டா? அனுமதிப்பத்திரத்தை எந்த அலுவலகத்தில் எடுப்பது? சனிக்கிழமை அடுத்த போட்டி இருக்கிறது.

பதுளைக் கணக்கு (இரவு 9.32)
எந்த விளையாட்டு, மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள், உங்களுடைய முழுநேரத் தொழில் என்ன, கழித்ததற்கு எழுத்தில் ஏதாவது தந்தார்களா? இந்த நான்கையும் சொல்லாமல் யாராலும் சரியான பதில் தர முடியாது.

மஸ்கெலியா மைந்தன் (இரவு 9.41)
தம்பி, பணம் வாங்கிச் சேவை செய்தால் அது வியாபாரம்தான். முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். என் மைத்துனர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடத் தொடங்கியபோது அதைத்தான் செய்தார். அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான் அவர்கள் அனுமதிப்பத்திரம் என்று கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை வலைப்பந்து (இரவு 9.58)
மஸ்கெலியா அண்ணா, உங்கள் மைத்துனர் ஒரு பெயர்ப்பலகையின் கீழ் தொழில் செய்கிறார். சொந்தப் பெயரிலேயே போட்டிக்குப் போய்வரும் மத்தியஸ்தருக்கு வியாபாரப் பெயர் தேவையில்லை. நான் 9 வருடங்களாக வலைப்பந்தாட்டத்தில் மத்தியஸ்தம் செய்கிறேன். அப்படியொரு பதிவை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டவரே, நீங்கள் எந்தச் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறீர்கள்?

முப்பதாண்டு விசில் (இரவு 10.25)
அடிப்படை தெரியாமல் கேட்கப்படும் கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களின் பதிவையும் நிர்வாகத்தையும் பற்றியது. தனியொரு மத்தியஸ்தருக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு அல்ல அது. மத்தியஸ்தரின் தகுதியும் தரமும் அந்தந்த விளையாட்டின் சம்மேளனத்திடமிருந்தும் அதன் கீழுள்ள மத்தியஸ்தர் சங்கத்திடமிருந்தும், எழுத்துப் பரீட்சையிலும் உடற்தகுதிப் பரீட்சையிலும் தேறிய பிறகு வருகின்றன. சர்வதேசத் தர உதைபந்தாட்ட மத்தியஸ்தர் 75 மீற்றர் ஓடி 25 மீற்றர் நடப்பதை 40 தடவை, அதாவது 400 மீற்றர் ஓடுபாதையில் 10 சுற்று முடிக்க வேண்டும். நான் அதைச் செய்தவன். இன்று ஒரு விசிலும் இரண்டு அட்டைகளும் வாங்கியவர்கள் எல்லாரும் தங்களை மத்தியஸ்தர் என்று சொல்லிக்கொள்வது எனக்கு மனவருத்தம் தருகிறது.

மேல்கொத்மலை (செவ்வாய், காலை 6.05)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். உதைபந்தாட்டம். 12 போட்டிகள், ஒன்றுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாயில் 1,500 ரூபாயைக் கழித்தார்கள். ஒரு சிறிய தாளில் கையால் "கழிவு 1,500" என்று மட்டும் எழுதியிருக்கிறது. முத்திரையோ கையொப்பமோ இல்லை. நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். மாவட்ட மத்தியஸ்தர் சங்கத்தின் பரீட்சையில் 2022இல் தேறினேன்; அட்டை இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கவில்லை.

பதுளைக் கணக்கு (காலை 7.20)
இப்போது பேசலாம், ஆசிரியரே. முதலில் உங்கள் கடமை. இலங்கையில் 2025 ஏப்ரல் 1இலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமான எல்லை, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு முன்னர் 12 இலட்சமாக இருந்தது. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. உங்கள் சம்பளம், மத்தியஸ்தக் கொடுப்பனவு, வங்கி வட்டி என எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பகுதிநேர வேலைக்குத் தனி விலக்கு கிடையாது. சம்பளம் மாதம் 70,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 840,000 ரூபாய். வருடத்தில் 60 போட்டிகள் செய்தாலும் இன்னும் 150,000தான் சேரும். மொத்தம் 10 இலட்சத்தையும் எட்டாது. ஆகவே உங்களுக்கு வருமான வரி வராது. அடையாள இலக்கம் வேறு விடயம். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் கொண்டுவந்தார்கள். இலக்கம் எடுத்ததால் மட்டும் வரி கட்ட வேண்டியதாகிவிடாது. தேசிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1944 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

அடுத்தது அந்த 1,500 ரூபாய். சேவைக் கட்டணத்தில் நூற்றுக்கு 5 பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரி, ஊழியரல்லாத தனிநபருக்கு ஒரு மாதத்தில் கொடுக்கும் தொகை 100,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரும். சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தொழில்களில் விரிவுரையாளர், பரீட்சகர், வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி போன்றோர் இருக்கிறார்கள். விளையாட்டு மத்தியஸ்தரை நான் அதில் பார்த்ததில்லை. 30,000 ரூபாயில் பிடிக்க எந்த அடிப்படையும் இல்லை. உண்மையாகவே பிடித்தவர் அதை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குச் செலுத்தி, உங்களுக்குச் சான்றிதழும் தர வேண்டும்.

ஹட்டன் சட்டமாணவன் (காலை 8.02)
பதுளைக் கணக்கு சேரின் முடிவை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. மத்தியஸ்தர் சுயாதீனமாகச் சேவை வழங்குபவரா, அல்லது அந்த நாளுக்கு ஏற்பாட்டுக் குழுவின் ஊழியரா? ஏறக்குறைய இதே கேள்வி இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேறு முழுநேரத் தொழில் செய்துகொண்டு வார இறுதிகளில் தொழில்முறைப் போட்டிகளை நடத்திய மத்தியஸ்தர்களைப் பற்றிய வழக்கு அது. ஒவ்வொரு போட்டிக்குமான ஒப்பந்தத்தில், ஊழியர் என்று கருதுவதற்குத் தேவையான பரஸ்பரக் கடப்பாடும் கட்டுப்பாடும் இருந்தன என்று 2024 செப்டெம்பரில் தீர்ப்பளித்து, இறுதி முடிவுக்காகக் கீழ் நியாயசபைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

முப்பதாண்டு விசில் (காலை 8.40)
மைதானத்துக்குள் மத்தியஸ்தரை யாரும் கட்டுப்படுத்த முடியாது. விதிகளை நடைமுறைப்படுத்தும் முழு அதிகாரத்தையும் உதைபந்தாட்ட விதிநூலின் 5ஆம் விதி அவருக்கே கொடுத்திருக்கிறது. யாருக்கும் கீழ்ப்படியாதவர் எப்படி ஊழியர் ஆவார்? விதிநூலைப் படித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஹட்டன் சட்டமாணவன் (காலை 8.55)
ஐயா, வைத்தியருக்கு எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்று வைத்தியசாலை நிர்வாகம் சொல்வதில்லை. ஆனாலும் அவர் அங்கே ஊழியர்தான். முடிவெடுக்கும் சுதந்திரமும் வேலை ஒப்பந்தமும் ஒன்றையொன்று விலக்கிவிடுவதில்லை.

பண்டாரவளை வலைப்பந்து (காலை 9.30)
இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் இந்த விவாதத்தில் நமக்கு ஒரு பயன் இருக்கிறது. சேவை வருமானம் என்றால் அதை ஈட்டுவதற்கான செலவைக் கழிக்கலாம். ஊழியர் சம்பளத்தில் செலவைக் கழிக்க முடியாது. நான் ஒரு 40 தாள் கொப்பியில் கோடிட்டு வைத்திருக்கிறேன்: திகதி, மைதானம், பெற்ற தொகை, முச்சக்கரவண்டிக் கூலி, சப்பாத்து. பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்கு மழையில் போய்வந்த நாட்களில் கூலியே கொடுப்பனவில் பாதியைத் தின்றிருப்பதை அந்தக் கொப்பியில்தான் கண்டேன். தம்பி, நீங்களும் இன்றே ஒன்று தொடங்குங்கள்.

பதுளைக் கணக்கு (காலை 10.15)
சகோதரி சொல்வது சரி. சட்டமாணவனின் வாதப்படி ஊழியர் என்றே வைத்துக்கொண்டாலும், அப்போது பொருந்துவது சம்பளத்தில் பிடிக்கும் முற்பண தனிநபர் வருமான வரி. அதைப் பிரதானமல்லாத இரண்டாவது தொழிலுக்கான அட்டவணைப்படி கணக்கிட வேண்டும். சேவைக்கான நூற்றுக்கு 5 அங்கேயும் வராது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்த 1,500 ரூபாய்க்கு விளக்கம் இல்லை.

நானுஓயா அதிபர் (மாலை 4.45)
எல்லாரும் வரியைப் பற்றியே பேசிவிட்டீர்கள். ஆசிரியர் ஓர் அரச உத்தியோகத்தர். வெளியில் கொடுப்பனவுக்கு வேலை செய்ய முன் அனுமதி பெற வேண்டும் என்று அரச சேவை விதிகளான தாபனக் கோவை சொல்கிறது. அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். போட்டிகள் வார இறுதியிலும் விடுமுறையிலும் மட்டுமே என்பதைத் தெளிவாக எழுதுங்கள். என்னிடம் இப்படி வந்த கடிதங்களை நான் மகிழ்ச்சியோடு சிபாரிசு செய்து அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் தோட்டப் பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் கிடைப்பதே அரிது. வரிக்காரரை விட முறைப்பாட்டுக் கடிதம் எழுதும் அயலவர்தான் உங்களுக்கு முதலில் தொல்லை தருவார்.

முப்பதாண்டு விசில் (மாலை 5.20)
அதிபர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அட்டையைப் புதுப்பிக்காமல் 12 போட்டிகளை நடத்தியது சரியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை காலை முறித்துக்கொண்டால் முதலில் கேட்கப்படும் கேள்வி, மத்தியஸ்தரின் அட்டை நடைமுறையில் இருந்ததா என்பதுதான். சனிக்கிழமைக்கு முன் உங்கள் சங்கச் செயலாளரைப் போய்ப் பாருங்கள். சங்கம் தரும் அந்த அட்டைதான் ஏற்பாட்டாளர்கள் கேட்கும் அனுமதிப்பத்திரம், வேறொன்று இல்லை.

மேல்கொத்மலை (வெள்ளி, இரவு 8.50)
எல்லாருக்கும் நன்றி. சான்றிதழ் தாருங்கள் என்று கேட்டேன். மறுநாளே 1,500 ரூபாயையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அடையாள இலக்கத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். கடிதம் அதிபரிடம். அட்டை திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்பதால் நாளைய போட்டிக்கு நான் போகவில்லை.

பொகவந்தலாவை 10 (வெள்ளி, இரவு 9.15)
அதே குழு எனக்கும் 900 ரூபாய் கழித்தது, அது சென்ற வருடம். இப்போது கேட்டால் தருவார்களா? நீங்கள் யாரிடம் கேட்டீர்கள், தலைவரிடமா பொருளாளரிடமா?