தவக்காலத்தில் கடவுளோடு நெருங்குவது எப்படி?

கேள்வி (அட்டன்):
ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து புலால் தவிர்த்து வருகிறேன். ஆனாலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடி, மாலையில் களைத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது, செபம் வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் (பண்டாரவளை):
தங்கச்சி, திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரம் நோன்போடு செபத்தையும் தருமத்தையும் சேர்த்தே சொல்கிறது. நானும் பல வருடம் நோன்பை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது விடியற்காலையில், அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை நற்செய்தியில் ஒரு பகுதியை மெதுவாக வாசித்து, மனதில் தைத்த ஒரே சொல்லை மலையில் கொழுந்தெடுக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் (நுவரெலியா):
அக்கா சொல்வது சரி. இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் அவசரமாக முடிக்காமல், ஏதாவது ஒன்றில் சற்று நில்லுங்கள். இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் சீமோன் உதவும் 5ஆம் நிலையில், கூடைக் கயிறு பதிந்த என் அம்மாவின் நெற்றியை நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா. நாளை விடியலிலேயே தொடங்குகிறேன்.