தொற்றிய கோப்புகள்: பூச்சியம்

காப்புப் பிரதிகளுக்கு வைரஸ் ஸ்கேன் அமைத்தவர்களின் அனுபவப் பகிர்வு

அட்டன் பக்கத்திலிருந்து, தொடக்கப் பதிவு

இலவச வைரஸ் ஸ்கேனரான கிளாம்ஏவி ஸ்கேன் முடிந்ததும் கீழே ஒரு சுருக்கம் தருவதை இங்குள்ள எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் "தொற்றிய கோப்புகள்" என்ற வரிக்கு அடுத்த வரி "ஸ்கேன் செய்யப்பட்ட தரவு". நான் ஏழு மாதங்களாக முதல் வரியில் பூச்சியத்தைக் கண்டு நிம்மதியடைந்தேனே தவிர, அடுத்த வரியிலும் பூச்சியமே நின்றதைக் கவனிக்கவில்லை.

எங்கள் தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு), கொழுந்து நிறுவைப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஆகிய அனைத்தும் ஒவ்வொரு வெள்ளி இரவும் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டப்பட்டு, மூலையில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினிக்குப் போகும். பழைய பதிவேடுகளின் படங்களும் சேர்வதால் ஒரு ஸிப் ஏறத்தாழ 600 மெகாபைட் வரும். ஸ்கேன் சரியாக வேலை செய்கிறது என்பதைப் பெரிய கிளாக்கர் ஐயாவுக்குக் காட்டிப் பெருமைப்படலாம் என்று நினைத்து, 68 எழுத்துகள் கொண்ட அந்த ஐகார் சோதனைக் கோப்பை வேண்டுமென்றே உள்ளே வைத்து ஸிப் செய்தேன். அது தீங்கற்றது என்றாலும் எந்த ஸ்கேனரும் அதைக் கண்டதும் கூச்சலிட வேண்டும். ஸ்கேன் நான்கு விநாடிகளில் முடிந்து, "ஓகே" என்றது.

ஐயா பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப இத்தனை மாசமா அது எதைத்தான் தம்பி பார்த்துச்சு?" என்று கேட்டார்.

எதையும் பார்க்கவில்லை என்பதுதான் பதில். ஒரு கோப்பு 100 மெகாபைட்டைத் தாண்டினால் கிளாம்ஏவி, நாம் மாற்றாத வரையில், அதைத் திறக்காமலே விட்டுவிடும்; விட்டுவிட்டதையும் "ஓகே" என்றே அறிவிக்கும். அளவு மீறினால் எச்சரிக்கும் தெரிவு ஒன்று உண்டு, ஆனால் அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். நான் கோப்பின் எல்லையை உயர்த்தினேன். பிறகு ஒரு கோப்புக்குள் மொத்தமாகப் பார்க்கும் தரவுக்கு 400 மெகாபைட் எல்லை இருப்பதை அறிந்து அதையும் உயர்த்தினேன். அதன் பின்னர், ஒரு கோப்புக்கு 120 விநாடிகளுக்கு மேல் செலவிடாது என்ற மூன்றாவது எல்லையில் எங்கள் பழைய கணினி மாட்டிக்கொண்டது. இப்போது ஸிப் செய்வதற்கு முன்பே கோப்புகளைத் தனித்தனியாக ஸ்கேன் செய்கிறேன். ஐயாவின் கேள்வி மட்டும் இன்னும் காதில் நிற்கிறது.

பண்டாரவளையிலிருந்து

உங்களுடையது பார்க்காத ஸ்கேனர். என்னுடையது பார்த்துவிட்டு அழித்த ஸ்கேனர். நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரின் பென்ட்ரைவை அப்படியே ஒரு கோப்புறைக்குள் கொட்டி, வேலை முடிந்ததும் ஸிப் செய்து காப்புத் தட்டில் (டிஸ்க்கில்) போடுவது என் வழக்கம். பென்ட்ரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிடும் அந்த வைரஸ் நம் ஊர்க் கடைகளைப் படுத்தும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. ஸ்கேன் கட்டளையில் "கண்டால் நீக்கு" என்ற தெரிவை நானேதான் சேர்த்தேன். அழுக்கான ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிடும் என்று நம்பினேன். ஆனால் அது ஸிப்பின் உள்ளே கை வைப்பதில்லை, ஸிப் முழுவதையுமே நீக்கிவிடும்.

தாயாரின் கருமாதிக்குப் பெரிதாக்கிய படம் வேண்டுமென்று ஒரு தங்கை வந்து நின்றபோதுதான் அது தெரிய வந்தது. "அண்ணே, அம்மாவோட படம் அந்த ஒண்ணுதான் இருக்கு" என்றார். பென்ட்ரைவையும் அவர்கள் வீட்டில் எப்போதோ அழித்திருந்தார்கள். ஸ்கேனர் தன் வேலையைக் குறித்து வைக்கும் லொக் கோப்பைத் திறந்து அந்த ஸிப்பின் பெயரையும், அதன் பக்கத்தில் "நீக்கப்பட்டது" என்ற சொல்லையும் அவருக்குத் தெரியாதபடி பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சிறு படம் வேறொரு கணினியில் கிடைத்ததால் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். முகம் மங்கலாகத்தான் வந்தது. காசு வாங்கவில்லை.

கண்டியிலிருந்து

முதலில் ஒரு திருத்தம். பண்டாரவளை நண்பரின் ஸிப் 100 மெகாபைட்டுக்கு மேல் இருந்திருந்தால், அட்டன் நண்பர் குறையாகச் சொல்லும் அதே எல்லை அந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்கும். ஆகவே எல்லைகளைத் திட்டுவதில் பொருளில்லை. அவை பழைய கணினிகள் மூச்சுத் திணறாமலிருக்க வைக்கப்பட்டவை.

என் அனுபவம் சிறியது. ரெஸ்டிக் என்ற காப்பு மென்பொருளைக் கொண்டு எடுத்த காப்புக் களஞ்சியத்தை இரண்டு வருடங்களாக ஸ்கேன் செய்து வந்தேன். ரெஸ்டிக் தரவைத் துண்டுகளாக வெட்டி மறைகுறியாக்கம் செய்தே (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி) வைக்கும் என்பதால், ஸ்கேனர் கண்டதெல்லாம் அர்த்தமற்ற எழுத்துக் குவியல். ஆணியடித்த தேயிலைப் பெட்டியை வெளியிலிருந்து முகர்ந்து உள்ளே இருக்கும் தூளின் தரத்தைச் சொன்னதற்குச் சமம் அது. இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி.

இனி அனைவரும் செய்ய வேண்டியது. மறைகுறியாக்கிய களஞ்சியத்தை மவுண்ட் செய்து, கோப்புகளாகத் தெரியும் நிலையில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். "நீக்கு" தெரிவை எந்தக் காரணத்துக்காகவும் காப்புப் பிரதியின்மேல் ஏவாதீர்கள். ஸ்கேனருக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும். கிளாம்ஏவியின் ஸ்கேன் கட்டளையான கிளாம்ஸ்கேன் முடிவில் திருப்பித் தரும் எண்ணைக் கவனியுங்கள்: 0 என்றால் ஒன்றும் அகப்படவில்லை, 1 என்றால் வைரஸ் அகப்பட்டது, 2 என்றால் ஸ்கேன் செய்வதிலேயே பிழை. ஸ்கேனைத் தானாக ஓட்டப் பெரும்பாலானோர் எழுதும் ஸ்கிரிப்ட், 1 வந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும், 2 வந்தால் வாய் திறக்காது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியையும் மறக்க வேண்டாம். அந்த வெளிப் பிரதி இணைப்பிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரன்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள்) தாக்கியபோது இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. கழற்றி வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனது போனதுதான். ஸ்கேனர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. மேலும், ஐகார் கோப்பை மாதம் ஒருமுறை வேறு வேறு ஆழங்களில் (ஸிப்புக்குள் ஸிப்பாக) வைத்துச் சோதியுங்கள்.

அட்டன் பக்கத்திலிருந்து, மீண்டும்

ஐயா, கடைசியாகச் சொன்ன ஐகார் சோதனையைச் செய்துதான் நான் இங்கு எழுதவே வந்தேன். மேலும், எல்லைகளை நான் திட்டவில்லை. திறக்காத கோப்புக்கு "ஓகே" என்று பெயர் வைத்ததைத்தான் சொன்னேன். அவை இரண்டும் ஒன்றல்ல. வெளியிடப் பிரதி தொழிற்சாலையில் இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து

கண்டி ஐயா சொன்ன எண் 2 எனக்குத் தெரிந்த எண். பாடசாலையின் காப்புக் கணினியில் 2 ஜிகாபைட் ரெம் மட்டுமே உண்டு. கிளாம்ஏவியின் வைரஸ் பட்டியலை நினைவகத்தில் ஏற்றி வைக்கவே அப்போது ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டியிருந்தது. பட்டியல் புதுப்பிக்கப்படும்போது, பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுவதால், சிறிது நேரத்துக்கு அது இரட்டிப்பாகிவிடும். நள்ளிரவில் அந்த நேரம் வந்ததும் லினக்ஸ் ஸ்கேனரைக் கொன்றுவிட்டது. ஸ்கிரிப்ட் பிழை எண்ணை விழுங்கிக்கொண்டு, ஸ்கேன் செய்யாத தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் காப்புத் தட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலையில் எனக்கு "வெற்றி" என்று செய்தியும் அனுப்பியது.

ஆய்வுகூடத்தின் 14 கணினிகளிலும் அதே மென்பொருளைப் போட்டு, ஒரே இணைய டொங்கிள் வழியாகப் பட்டியலை இறக்கியது இன்னொரு பிழை. முதல் தடவை ஒவ்வொன்றும் நூறு மெகாபைட்டுக்கு மேல் இழுத்தது. டேட்டா பொதி தீர்வதற்கு முன்பே பட்டியலைத் தரும் சேர்வர் 429 என்ற (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள்படும்) பிழை எண்ணைக் காட்டி, ஒரு நாள் கழித்து வரச் சொன்னது. இப்போது ஒரு கணினி இறக்குகிறது, மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்கின்றன.

பதுளையிலிருந்து

எல்லோரும் ஸ்கேன் செய்யாமல் போன கதையைச் சொல்கிறீர்கள். எங்களுடையது ஒழுங்காக ஸ்கேன் செய்து, ஒழுங்காக "ஓகே" சொன்ன கதை. ஒக்டோபர் மாத இடியில் அலுவலகக் கணினி கருகியதும், மூன்று நாட்களுக்கு முந்தைய பிரதியைப் புதிய கணினியில் மீட்டோம். அந்தப் பிரதி எடுத்த அன்றே ஸ்கேன் செய்யப்பட்டது. மீட்ட மறுநாள், பட்டியல் புதுப்பிக்கப்பட்ட ஸ்கேனர் அதே கோப்புகளுக்குள் ஒரு தீம்பொருளைக் காட்டியது. எடுத்த நாளில் பட்டியலில் இல்லாத பெயர் அது. ஆகவே எடுக்கும்போது செய்த ஸ்கேன், மீட்கும்போது செல்லாது. இந்தக் காரணத்துக்காகவே வீம் போன்ற காப்புப் பிரதி மென்பொருட்கள் மீட்கும் வேளையில் பிரதியை மவுண்ட் செய்து மீண்டும் ஸ்கேன் செய்யும் வசதியை வைத்திருக்கின்றன என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அதன் பின்னர் அலுமாரியில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஸ்கேன் செய்தோம். செப்டெம்பர், தொற்று. ஓகஸ்ட், தொற்று. ஜூலைத் தட்டு சுத்தமாக இருந்தது. மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளைக் கையால் பதிய வேண்டியிருந்த கணக்காளர் அக்கா ஜூலைத் தட்டைக் கையில் வாங்கி, அதில் ஒட்டியிருந்த திகதித் துண்டைச் சற்று நேரம் பார்த்தார். "இதுவும் இன்னைக்குச் சுத்தம், அவ்வளவுதானே தம்பி?" என்றார். நான் ஆமென்றேன். அவர் பற்றுச்சீட்டுக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.