கேனான் டிஜிட்டல் இக்ஸஸ் (2000): கார்டை ஏற்கவில்லை, வாங்கலாமா?

கயல்:
வணக்கம். பழைய கேமரா விற்பவர் ஒருவரிடம் முதல் டிஜிட்டல் இக்ஸஸ் வந்திருக்கிறது. 2.1 மெகாபிக்சல், 2 மடங்கு ஜூம், உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக உடம்பு. பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் என்னிடமுள்ள 8 ஜிபி காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டைப் போட்டால் ‘கார்டு பிழை’ என்கிறது. கேமராவை எரியும் பல்பை நோக்கிக் காட்டினால் திரையில் மேலிருந்து கீழாக ஊதாக் கோடு விழுகிறது. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் போய்விட்டதா? தங்கை வளைகாப்புக்கு எடுத்துப்போக ஆசை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செந்தில்:
கார்டு விஷயம் எளிது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு கார்டில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்16 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். அதன் எல்லை 2 ஜிபி. பழைய 128 அல்லது 256 எம்பி கார்டு கேட்டுப் பாருங்கள். 1600 x 1200 படம் ஒன்று ஏறத்தாழ ஒரு எம்பிதான் பிடிக்கும், அதுவே தாராளம்.

அதற்கு முன் கார்டு போடும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வரிசையாக 50 ஊசிகள் தெரியும். ஒன்று வளைந்திருந்தாலும் வாங்காதீர்கள். கார்டைக் கோணலாக அழுத்தினால் வளைவது அவைதான், நிமிர்த்தப் போனால் பெரும்பாலும் ஒடிந்துவிடும்.

மீரா:
கயல், திரையில் கோடு விழுவது இதிலுள்ள சிசிடி என்ற வகை சென்சாரின் இயல்பு. பயப்பட வேண்டாம். எடுத்த படத்தில் அந்தக் கோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். படம் எடுக்கும்போது ஷட்டர் மூடி வெளிச்சத்தைத் தடுத்துவிடுவதால் அதில் வரக் கூடாது. வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜூமைப் பலமுறை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். லென்ஸ் பாதியில் நின்றாலோ கரகரத்தாலோ அதைச் சரிசெய்ய இப்போது உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கயல்:
மிக்க நன்றி இருவருக்கும்! அவரிடமே 128 எம்பி கார்டு இருந்தது, உடனே ஏற்றுக்கொண்டது. ஊசிகள் நேராக இருக்கின்றன. பல்பைப் படமெடுத்தேன், கோடு இல்லை. ஜூமும் சத்தமில்லாமல் போய் வருகிறது. பேட்டரி மட்டும் நாலைந்து படத்தில் படுத்துவிடுகிறது.

செந்தில்:
அப்படியென்றால் தைரியமாக வாங்குங்கள். இந்தக் கேமராவுக்கான என்பி-1எல் பேட்டரிக்கு மாற்றாக வேறு நிறுவனங்கள் செய்தவை கிடைக்கின்றன, என்பி-1எல்எச் என்று இருந்தாலும் பொருந்தும். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சார்ஜர் தனியாகத்தான் இருக்கும், அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். படங்களைக் கணினிக்கு மாற்ற கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம், கார்டு ரீடர் போதும்.

மீரா:
வளைகாப்பு மண்டபத்துக்குள் என்றால் ஒன்று சொல்கிறேன். ஜூம் செய்தால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். ஃபிளாஷும் சிறியது, இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் முகம் இருட்டாகிவிடும். ஆகவே ஜூமைத் தொடாமல் கிட்டே போய் எடுங்கள். திரையை அணைத்துவிட்டு மேலே உள்ள கண்ணாடித் துளை வழியே பார்த்தால் பேட்டரியும் நீடிக்கும். மதிய வெளிச்சத்தில் வாசலில் நிறுத்தி எடுக்கும் குடும்பப் படத்துக்கு இந்தக் கேமரா அருமை. 4x6 அங்குல பிரிண்ட் போட்டாலும் தெளிவாகவே வரும்.