ஜஹீராவும் கிளம்பிப் போனாள்: ஆர்பிஜியில் துணைகளும் தனி வீரர்களும்

வணக்கம் நண்பர்களே. ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்களில் பார்ட்டியோடு, அதாவது துணைவர் குழுவோடு ஆடுவது நல்லதா, சோலோவாக, அதாவது தனியாகப் போவது நல்லதா என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் கடைசியில் வாக்குவாதம்தான் மிஞ்சுகிறது. இந்த முறை கருத்து வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். எந்த கேமில், எந்த இடத்தில், கூட வந்த ஒருவர் உங்களை நிறுத்தி யோசிக்க வைத்தார்? யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் போனவர்கள் எதைக் கண்டீர்கள்? நானே தொடங்குகிறேன்.

1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட். வளர்ப்புத் தந்தை கோரியன் நம் கண்ணெதிரே கொல்லப்படுவார். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிரின் அளவான ஹிட் பாயின்ட் நாலைந்துதான். ஒரு ஓநாய் இரண்டு கடி கடித்தால் கதை முடிந்தது. ஃபிரெண்ட்லி ஆர்ம் இன் என்ற விடுதிக்குப் போனால் காலித், ஜஹீரா என்ற கணவன் மனைவி நம்மைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும்தான் ஒரே நம்பிக்கை. அந்த விடுதியின் படிக்கட்டிலேயே டார்னெஷ் என்ற கூலிக் கொலையாளி நிற்பான். தன் உருவத்தைப் பலவாக்கிக்கொண்டு ஒரு பயமுறுத்தும் மந்திரத்தைப் போடுவான், நம் ஆட்கள் மூலைக்கொருவராக ஓடுவார்கள். கூட வளர்ந்த தோழி இமோயன் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் எத்தனை முறை செத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருவழியாக உள்ளே போய் அந்த இருவரையும் பார்த்தபோது, ஊர் தெரியாத இடத்தில் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல இருந்தது.

காலித் திக்கித் திக்கிப் பேசுவான். சண்டை கொஞ்சம் முற்றினாலே பயந்து ஓடிவிடுவான். பார்ட்டியில் ஆறு பேருக்குத்தான் இடம். நான், இமோயன், காலித், ஜஹீரா, மின்ஸ்க், அவன் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சிய டைனஹீர் என்று ஆறும் நிரம்பியிருந்தது. அப்போதுதான் கிவான் என்ற வில்லாளியைச் சந்தித்தேன். அருமையான வில்லாளி. காலித்தைக் கழற்றிவிட்டு கிவானைச் சேர்த்தால் பார்ட்டி எங்கேயோ போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பட்டனை அழுத்தினேன்.

ஜஹீராவும் கிளம்பிவிட்டாள்.

பிழையோ என்று சேமித்த இடத்திலிருந்து லோடு செய்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். கணவனை அனுப்பினால் மனைவியும் போவாள், மனைவியை அனுப்பினால் கணவனும் போவான். எனக்கு அவர்கள் இரண்டு வீரர்கள். அவர்களுக்கோ என்னைச் சந்திப்பதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. அன்றுதான் ஒன்று புரிந்தது: கூட நடக்கிறவர் துணையா இல்லை இன்னொரு ஆயுதமா என்பதை, அவரை அனுப்ப முயலும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும். கிவானிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். காலித்தைக் கடைசிவரை வைத்திருந்தேன், ஓடும்போதெல்லாம் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

2000-ல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஜஹீரா ஒரு கூண்டில் கிடப்பாள். அதே நிலவறையில் சற்று தள்ளி காலித்தின் உடல் இருக்கும். முதல் பாகத்தில் காலித்தைக் கூட வைத்திருந்தவர்களுக்கு அந்த அறை வேறு மாதிரி வலிக்கும். நான் அங்கே கொஞ்ச நேரம் மவுஸைத் தொடவே இல்லை.

* * *

நான் தனியாகவே போகிற ஆள். மேலே நண்பர் எழுதியதைப் படித்ததும் பதில் சொல்ல வேண்டும்போலத் தோன்றியது, ஏனென்றால் அதே பால்டர்ஸ் கேட்டைத்தான் நான் சோலோவாக முடித்தேன்.

அதில் எதிரியைக் கொன்றால் வரும் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, பார்ட்டிக்குள் பங்கு போடப்படும். ஆறு பேர் இருந்தால் ஆறு பங்கு, ஒருவர் என்றால் முழுவதும் அவருக்கே. ஆரம்பத்தில் எலி வளைக்குள் பூனை புகுந்ததுபோல ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வரும். ஆனால் நாஷ்கெல் சுரங்கத்தைத் தாண்டுவதற்குள் நாம் எல்லோரையும் மிஞ்சி வளர்ந்துவிடுவோம். 89,000 எக்ஸ்பி என்ற உச்சவரம்பை எப்போது தொட்டேன் என்றே கவனிக்கவில்லை, கேம் இன்னும் நிறைய மீதம் இருந்தது. தனிமைக்கு அந்த கேம் கூலி கொடுத்தது.

2023-ல் வந்த மூன்றாம் பாகம் அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை. அதில் எக்ஸ்பி பங்கு பிரிவதே கிடையாது, நால்வராகப் போனாலும் ஒவ்வொருவருக்கும் முழுசாக வரும். ஆக, சோலோ போனால் நஷ்டம் மட்டும்தான். கோப்லின் என்ற குட்டிப் பூதங்கள் ஆறு இருந்தால் ஒரு சுற்றில் ஆறு முறை அடிக்கும், எனக்கு ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன். கீழே விழுந்தால் கைகொடுத்துத் தூக்க ஆளில்லை. ஒரே ஒரு ஹோல்டு பெர்சன் மந்திரம் பலித்தால் போதும், சிலையாக நின்று சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியும் ஏன் போகிறேன்? கோப்லின் முகாம் ஒரு காரணம். முதல் ஆட்டத்தில் நால்வராகப் போய், முற்றத்தில் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தை நேருக்கு நேர் அடித்து முடித்தோம். அந்த முற்றத்தில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தனியாகப் போனபோது அப்படி முடியாது. உள்ளே நடந்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்தேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் தனியாக உலாத்துகிறார்கள், எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிய முடியும் என்று எண்ணினேன். அப்போதுதான் எல்லோரும் மொண்டு குடிக்கிற சாராயத் தொட்டி கண்ணில் பட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு குப்பி விஷத்தை அதில் கலந்துவிட்டு, இருட்டில் ஒதுங்கி நின்றேன். வாழ்த்துச் சொல்லிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். நால்வராக வந்தபோது இதே தொட்டியைக் கடந்து போயிருக்கிறேன், பார்க்கவே இல்லை. கூட ஆளில்லாதபோதுதான் அந்த உலகம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்கு உதவி.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மாய வாசலுக்குள் சிக்கிக் கைநீட்டும் கேல், கடற்கரையில் மயங்கிக் கிடக்கும் ஷேடோஹார்ட், ஆற்றங்கரையில் காயத்தோடு நிற்கும் கார்லாக் என்று ஒவ்வொருவரையும் சந்தித்து, ஒவ்வொருவரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும். இரவில் முகாமில் நெருப்பு எரியும், சுற்றிலும் யாரும் இருக்கமாட்டார்கள். ஸ்கிராட்ச் என்ற நாய் மட்டும் வந்து படுத்திருக்கும்.

டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 இதைவிடக் கடுமை. 2017-ல் வந்தது. அதில் லோன் வுல்ஃப் என்று ஒரு டேலன்ட், அதாவது சிறப்புத் திறன் இருக்கிறது, பார்ட்டியில் இரண்டு பேருக்கு மேல் இல்லாவிட்டால்தான் வேலை செய்யும். ஒரு டர்னுக்கு இரண்டு ஆக்‌ஷன் பாயின்ட் கூடுதல், 30 சதவீதம் கூடுதல் உயிர், பண்புகளில் போடும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரட்டைப் பலன். அசுர பலம். கதை தொடங்கும் சிறைக்கோட்டையான ஃபோர்ட் ஜாயை விட்டுக் கப்பல் ஏறும்வரை ஒரு குறையும் தெரியாது. மற்றவர்களும் அதே கப்பலில்தான் இருப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கப்பல் தாக்கப்பட்ட பிறகு எழுந்து பார்த்தால், நான் சேர்த்துக்கொள்ளாத ஒவ்வொருவரும் தளத்தில் செத்துக் கிடந்தார்கள். நான் கொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

* * *

நாய் என்றதும் எனக்கு ஃபால்அவுட்தான் ஞாபகம் வருது. 1997-ல் வந்த முதல் பாகம். ஜங்க்டவுன்ங்கிற ஊர்ல ஒருத்தர் வீட்டு வாசல்ல டாக்மீட்ங்கிற நாய் நிக்கும், அவரை உள்ளயே விடாது. நாம தோல் ஜாக்கெட் போட்டிருந்தா போதும், நம்மளோடயே வந்துடும். அதுல கூட வர்றவங்களை நாம கட்டுப்படுத்த முடியாது. கூட வர்ற இயன் கையில சப்மெஷின் கன்னைக் கொடுத்தா எதிரியைச் சுடுறேன்னு என் முதுகிலேயே சுட்டிருக்கான். ஆனா நாய் ஒரு நாளும் என்னை ஏமாத்தினதில்ல, எனக்கு முன்னாடி பாய்ஞ்சு ஓடும்.

மிலிட்டரி பேஸ்ல வழியெங்கும் ஃபோர்ஸ் ஃபீல்டு, அதாவது தொட்டா காயப்படுத்துற ஆற்றல் வேலி இருக்கும். நாய்க்கு அது தெரியாது. நான் அந்தப் பக்கம் போனா, என்கிட்ட வரணும்னு அது நேரா அதுக்குள்ளயே நடக்கும். நில்லுன்னு சொல்ல அந்த கேம்ல வழியே இல்ல. மூணு தடவை லோடு பண்ணிப் பார்த்தேன், மூணு தடவையும் அங்கதான் விழுந்துச்சு.

அடுத்த ஆட்டத்துல ஜங்க்டவுன் வாசல்லயே ஜாக்கெட்டைக் கழட்டி வெச்சுட்டு அதைக் கடந்து போனேன். நான் தனியாப் போன காரணம் அதுதான்.

* * *

எல்லோரும் பேசுகிற துணைகளைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்களுக்காகப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். விசார்ட்ரியின் முதல் பாகம், 1981-ல் வந்தது, 2024-ல் புதுப்பித்து வெளியிட்டபோதுதான் ஆடினேன். ஆறு பேரையும் நாமே உருவாக்க வேண்டும். கதை, வசனம் எதுவும் கிடையாது. பெயரும் எண்களும் மட்டும்தான்.

நிலவறையின் நான்காம் தளத்தில் ஆறு பேரும் மாண்டுபோனார்கள். அங்கே பழைய இடத்திலிருந்து தொடங்கும் வசதி இல்லை, உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். புதிதாக ஆட்களை உருவாக்கி, வளர்த்து, போய் எடுத்துவர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: பிணத்துக்கும் பார்ட்டியில் ஒரு இடம் வேண்டும். ஆறு பேர் போனால் யாரையும் கொண்டுவர முடியாது. அதனால் நால்வராக மட்டும் இறங்கினேன், ஒரு நடைக்கு இரண்டு உடல். மூன்று நடை. அந்தத் தளத்துக்கு நால்வர் போதாது என்று தெரிந்தேதான் போனேன்.

கோயிலில் உயிர்ப்பிக்கும்போது ஐந்து பேர் எழுந்தார்கள். காயம் ஆற்றும் பூசாரியான என் பிரீஸ்ட் சாம்பலானாள். சாம்பலிலிருந்து மீட்க இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுவும் பலிக்காவிட்டால் பெயரே போய்விடும். இருந்த தங்கத்தையெல்லாம் கொட்டினேன். போய்விட்டாள். அந்த இடத்துக்கு இன்னொரு பிரீஸ்டை உருவாக்க எனக்கு ஒரு வாரம் கை வரவில்லை.

* * *

டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ், 2009. அதில் வரும் ஸ்டென் என்ற வீரனைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

லோதரிங் ஊரின் எல்லையில் ஒரு கூண்டுக்குள் நிற்பான். தன் குற்றத்தை அவனே ஒப்புக்கொள்வான்: தன்னைக் காப்பாற்றி வீட்டில் வைத்துப் பார்த்த ஒரு விவசாயக் குடும்பத்தையே கொன்றிருக்கிறான். முதல் ஆட்டத்தில் நான் சாவியைக்கூடக் கேட்கவில்லை. கொலைகாரன், கிடக்கட்டும் என்று போய்விட்டேன். கொஞ்ச தூரம் கதை நகர்ந்ததும் லோதரிங் அழிந்துவிடும், கூண்டில் இருந்தவனோடு சேர்த்து. வரைபடத்தில் அந்த ஊரைத் தொட முடியாமல் போனபோதுதான் உறைத்தது.

இரண்டாம் ஆட்டத்தில் கூட்டிக்கொண்டேன். எதைக் கேட்டாலும் ஒரு வரிதான் பதில். ஹேவன் கிராமத்துக்குப் போனபோது, பேரழிவு வந்துகொண்டிருக்க நீ எதையோ தேடி மலையேறுகிறாய் என்று என் தலைமையையே எதிர்த்து வாளை உருவினான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் தினமும் முகாமில் போய்ப் பேசினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. அந்த வீட்டில் கண் விழித்தபோது அவன் வாள் பக்கத்தில் இல்லை. அவனுக்கு வாள்தான் ஆன்மா, அது இல்லாமல் ஊர் திரும்பினால் அவனை ஏற்க மாட்டார்கள். அந்தப் பதற்றத்தில் செய்த கொலை. அதை நியாயமென்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் வாளைத் தேடினேன். கலன்ஹாட் ஏரிக்கரையில் பொறுக்கித் திரிகிற ஒருவன், அவன் கைகாட்டியது ஓர்சமார் வாசலில் இருக்கும் ஃபாரின் என்பவனை, ஃபாரின் கைமாற்றியது ரெட்கிளிஃபில் ட்வின் என்ற குள்ளனிடம். இத்தனை இடமும் அலைந்து எடுத்து வந்து கொடுத்தேன்.

சண்டையில் அவனைவிட நன்றாக அடிக்கிற ஆட்கள் எனக்கு இருந்தார்கள். நடையை மிச்சம் பிடிக்க எத்தனையோ குவெஸ்ட்டை விட்டிருக்கிறேன். இதை மட்டும் விட மனம் வரவில்லை. வாளை வாங்கியதும் அந்த இறுகிய முகம் முதன்முறையாக இளகியது. என்னை எதிர்க்க உரிமை உள்ளவன் என்பதால்தானோ என்னவோ, அவனிடமிருந்து வந்த அந்த நன்றி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

* * *

தொடங்கியவன் மீண்டும் வந்திருக்கிறேன். சாராயத் தொட்டியைப் பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதை நம்பி, இரண்டையும் ஒரே கேமில் பார்த்துவிடலாம் என்று 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியத்தை மறுபடி எடுத்தேன்.

அதில் பெரும்பாலும் துணை ஒருவர்தான், சக துப்பறிவாளர் கிம் கிட்சுராகி. அவரை நாம் இயக்க முடியாது, லெவல் ஏற்ற முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அசிங்கமாக எதையாவது சொல்ல வாயெடுத்தால் அவர் புருவம் ஞாபகத்துக்கு வந்து வேறு பதிலைத் தேர்ந்தெடுப்பேன். இரவு 9 மணி வாக்கில் அவர் அறைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு, கதை நடக்கும் மார்ட்டினேஸ் என்ற பகுதி முழுவதும் நமக்கே. ஒரு ராத்திரி தனியாகக் கடலோரம்வரை நடந்தேன். நீங்கள் சொன்னது உண்மை: பகலில் பேச்சுவாக்கில் தாண்டிப்போன சுவர்களும் படகுகளும் அன்றைக்குத்தான் தெரிந்தன. எதைக் கண்டாலும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பனியில் ஒரு ஆள் நடக்கிற சத்தம்தான்.

கிம் ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்தான் பிடிப்பார், சாயங்காலத்துக்கென்று வைத்திருப்பார். அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஊர்சுற்றப் போகவில்லை. விடுதி பால்கனியில் அவர் பற்றவைத்த அந்த ஒன்று அணையும்வரை பக்கத்தில் நின்றேன், பிறகு நானும் போய்ப் படுத்துவிட்டேன்.