ஆஸ்திரியாவும் நேட்டோவும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் வரும் ஞாயிறு ஆஸ்திரியா பற்றிப் பேசுவது என் முறை. 1955-ல் இயற்றிய நடுநிலைச் சட்டப்படி அந்த நாடு ராணுவக் கூட்டணியில் சேராது, அந்நியப் படைத்தளத்துக்கும் இடம் தராது. சரி. ஆனால் 1995-லேயே, மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ உறுப்பினர் அல்லாத நாடுகளோடு ஒத்துழைக்க நடத்தும் 'அமைதிக்கான கூட்டாண்மை' திட்டத்தில் சேர்ந்துவிட்டது. கொசோவோவில் நேட்டோ தலைமையிலான படைக்கும் வீரர்களை அனுப்பியிருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்தான்!

ஒருவர்மீது தாக்குதல் என்றால் எல்லார்மீதும் தாக்குதல் என்னும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே. அப்படியானால் ஆபத்தில் ஆஸ்திரியாவுக்குக் கைகொடுப்பது யார்? தாக்கப்பட்ட உறுப்பு நாட்டுக்கு மற்ற உறுப்பு நாடுகள் உதவ வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42(7) பிரிவு போதுமா? இங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

பின்லாந்து 2023-லும் ஸ்வீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தபின் ஆஸ்திரிய மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வியன்னாவில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது. தமிழில் கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள். வட்டத்தில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கேள்வி கேட்டே துளைத்துவிடுவார்கள்.